ஒரு விசை, இரண்டு வேலை

கோவையில் வெட் கிரைண்டர் வாங்கினால் பெட்டிக்குள் ஓரமாக ஒரு சின்னக் கையேடு இருக்கும். முதல் தடவை இட்லி மாவு ஆட்டி முடிப்பதற்குள் அது பரண் ஏறிவிடும். அதில் அச்சுப்பிழை இருந்தாலும் பெரிய சேதம் இல்லை. 'அரிசியை ஊற வைக்கவும்' என்பது 'ஊர வைக்கவும்' என்று வந்திருந்தால், "அரிசி எங்கடா ஊர்ந்து போகும்?" என்று பாட்டி சிரித்துவிட்டு, பாட்டுக்கு ஊற வைத்துவிடுவார். படிப்பவர் மனிதர் என்பதால் பிழையைத் தாண்டிப் பொருளைப் பிடித்துக்கொள்வார்.

கணினிக்குள் இருக்கும் கையேடுகளின் நிலைமை வேறு. லினக்ஸ் வைத்திருப்பவர்கள், கறுப்புத் திரையில் 'மேன்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரையும் அடித்தால், அந்தக் கட்டளைக்கான கையேட்டுப் பக்கம் திரையில் விரியும். மேனுவல் என்பதன் சுருக்கம்தான் மேன். பீளமேட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகமாக இருந்தாலும் சரி, சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனமாக இருந்தாலும் சரி, இந்தப் பக்கங்களைத் திறக்காமல் பொழுது போகாது. இதைப் படிப்பவரும் மனிதர்தான். ஆனால் படித்ததை அவர் உடனே இயந்திரத்திடம் ஒப்பிக்கிறார். அந்த இயந்திரத்துக்குப் பாட்டியின் பெருந்தன்மை கிடையாது.

முதலாண்டு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கோப்புறையில் இருக்கும் வேண்டாத கோப்புகளை நீக்க வேண்டும். நீக்கும் கட்டளையின் பெயர் 'ஆர்எம்'. அதனுடன் '-ஐ' என்று சேர்த்தால், ஒவ்வொரு கோப்பாக "நீக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு நீக்கும். பயந்த சுபாவக்காரர்களுக்கு நல்ல ஏற்பாடு. அவள் கையேட்டுப் பக்கத்தைத் திறக்கிறாள். அங்கே இருக்கும் '-ஐ'யை அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிறாள். எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் போட்டு என்டரைத் தட்டுகிறாள். "-ஐ என்ற கோப்பு எதுவும் இல்லை" என்று திரை ஒரு வரி முனகுகிறது. பிறகு, ஒரு வார்த்தை கேட்காமல், மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அமைதியாகிறது.

"ஏனுங்க அக்கா, புக்குல இருந்தபடியேதானுங்க போட்டேன்!"

சீனியர் அக்கா வந்து, அதே கட்டளையைத் தன் கையால் விசைப்பலகையில் அடித்துப் பார்க்கிறார். ஒழுங்காகக் கேள்வி கேட்கிறது. இரண்டு வரியும் கண்ணுக்கு ஒன்றேதான். பிறகென்ன, "நீ ஏதோ தப்பாப் போட்டிருப்பே கண்ணு" என்ற தீர்ப்பு மாணவியின் தலையில் விழும்.

அவள் தப்பாகப் போடவில்லை. பக்கத்தில் இருந்த கோடு வேறு கோடு.

விசைப்பலகையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக்கோட்டுக்கு இரண்டு வேலை. இரண்டு சொற்களைச் சேர்க்கும்போது அது இணைப்புக்கோடு. கணக்கிலும் கட்டளையிலும் அதுவே கழித்தல் குறி. யூனிக்கோடு அட்டவணையில் அதற்குக் கொடுத்திருக்கும் அதிகாரபூர்வப் பெயரே 'ஹைஃபன்-மைனஸ்', எண் 45. இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதால் இரண்டு பெயர். அதே அட்டவணையில், இணைப்புக்கோடு வேலை மட்டும் பார்க்கும் தனி ஹைஃபனும் உண்டு, கழித்தல் வேலை மட்டும் பார்க்கும் தனி மைனஸும் உண்டு. மூன்றும் உருவத்தில் அண்ணன் தம்பிகள். ஆனால் கட்டளையை வாங்கிக்கொள்ளும் நிரல் 45-ஐத் தவிர வேறு எதையும் கோடாகவே மதிக்காது. தனி ஹைஃபன் வந்தால், 'யாரோ ஒரு கோப்பின் பெயர்' என்று நினைத்துக்கொள்ளும். மாணவிக்கு நேர்ந்தது அதுதான்.

வங்கியில் பணம் அனுப்பியவர்களுக்கு இந்தத் தலைவலியின் சின்ன வடிவம் தெரிந்திருக்கும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதுமே பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்து அடித்துவிட்டு, "கிளையே இல்லைங்குதே!" என்று முழிப்பவர்கள் ஏராளம்.

கையேட்டுப் பக்கத்துக்குள் தவறான கோடு எப்படிப் புகுந்தது? அதற்கு அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல் ஆய்வகம். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பர் 3 தேதியிட்டு முதல் கையேட்டை வெளியிட்டார்கள். அதில் ஒரு அழகான வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் 'பிழைகள்' என்று ஒரு பகுதி. இந்தக் கட்டளை எங்கெங்கே சொதப்பும் என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொள்ளும் இடம். எந்த கிரைண்டர் கம்பெனியாவது 'எங்கள் குறைகள்' என்று ஒரு பத்தி போடுமா?

அந்த யூனிக்ஸுக்கு அப்போது கிடைத்திருந்த கணினியின் நினைவகம் வெறும் 24 கிலோபைட். அந்த இயந்திரத்துக்கு நிர்வாகத்திடம் பணம் கேட்கவே முன்பு ஒரு காரணம் தேவைப்பட்டது. "காப்புரிமை விண்ணப்பங்களை அழகாக வடிவமைத்துத் தரும் எழுத்துக் கருவி செய்கிறோம்" என்றார்கள். சொன்னபடியே செய்தும் காட்டினார்கள். 1971-இன் பிற்பாதியில் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள் மூன்று பேர் நாள் முழுக்க அதில் விண்ணப்பம் அடித்தார்கள். இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பகுதியை ஓட்டும் குடும்பத்தின் மூதாதை, பிழைப்புக்காகத் தட்டச்சுத் தொழில் பார்த்திருக்கிறது!

1973 வாக்கில் ஜோ ஒசானா என்பவர், ஒளியச்சு இயந்திரத்தில் அச்சுக்கோக்கும் 'டிராஃப்' நிரலை எழுதினார். ஒளியச்சில் இணைப்புக்கோடு குட்டையாகவும் கழித்தல் குறி நீளமாகவும் வரும். எனவே டிராஃப் ஒரு விதி வைத்தது: வெறும் கோடு அடித்தால் இணைப்புக்கோடு, கோட்டுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் எனப்படும் பின்சாய்வுக்கோடு ஒன்றைச் சேர்த்து அடித்தால் கழித்தல் குறி. கட்டளைகளில் வரும் கோட்டுக்கு இந்த இரண்டாவதுதான் சரி. ஒரே ஒரு கூடுதல் விசைதான். ஆனால் அதைத்தான் ஆயிரக்கணக்கான பேர் அடிக்காமல் விட்டார்கள்.

அடிக்காததற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத் திரையில் எதை அடித்தாலும் ஒரே கோடுதான் தெரியும். காட்டுவதற்கு வேறு கோடே கிடையாது. பிழை செய்தவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. யூனிக்கோடு வந்து, திரைகளுக்கு இரண்டு கோட்டையும் தனித்தனியாகக் காட்டத் தெரிந்த பிறகுதான் பழைய பாக்கி வெளியே தலைநீட்டியது. அப்போதும் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள்: கையேட்டுப் பக்கமாக இருந்தால் எந்தக் கோடு வந்தாலும் 45-ஆம் எண் கோடாகவே காட்டிவிடு என்று நிரலுக்குள் ஓர் ஏற்பாடு.

டிராஃபின் வாரிசு 'குரோஃப்'. ஜேம்ஸ் கிளார்க் 1990-இல் வெளியிட்டது. இன்றைய லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் கையேட்டுப் பக்கங்களை வடிவமைப்பது இதுதான். இதன் 1.23 பதிப்பு 2023 ஜூலையில் வந்தபோது அந்த ஒட்டைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். எழுதியது எதுவோ அதுவே திரையில் வரும். இதனால் பக்கங்களில் உள்ள பிழைகள் வெளிப்படும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். வெளிப்பட்டன. ஒரு பக்கத்துக்குள் '-ஐ' எங்கே இருக்கிறது என்று தேடினால், கண்ணெதிரே இருந்தும் "கிடைக்கவில்லை" என்றது. நேர் மேற்கோள் குறிகள் சுருட்டை மேற்கோள் குறிகளாக மாறி, நகல் எடுத்து ஒட்டிய கட்டளைகள் சண்டித்தனம் செய்தன.

இந்த இடத்தில் இரண்டு கட்சி ஆகிப்போனது. பிழையை மூடிவைத்தால் அது என்றைக்கும் திருந்தாது, எழுதியவர்கள் திருத்தட்டும் என்பது குரோஃப் தரப்பு. எழுதியவர்கள் திருத்தும் வரை படிப்பவர் ஏன் அவதிப்பட வேண்டும் என்பது மறு தரப்பு. டெபியன் இரண்டாவது பக்கம் நின்று, தன் பதிப்பில் ஒட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டது. டெபியன் செய்ததே சரி. பள்ளத்தில் விழுபவரைப் பார்த்துச் சாலைக்காரர் பாடம் கற்கட்டும் என்று பலகையை எடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் பலகை வைத்துவிட்டோம் என்று பள்ளத்தை மூடாமலும் இருக்க முடியாது. மூடுவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்கள் என்றே ஒரு திட்டம் உண்டு. மைக்கேல் கெரிஸ்க் என்பவர் 2004 முதல் பல ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தார். இப்போது அலெஹாந்திரோ கொலோமர் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டும் வழக்கம் இருந்தது. எழுத்துப்பிழை என்றால் 'டிஃபிக்ஸ்', வடிவமைப்பு என்றால் 'எஃப்ஃபிக்ஸ்', சொல்லாட்சி என்றால் 'டபிள்யூஃபிக்ஸ்'. ஒரு புள்ளியைத் திருத்தியவரின் பெயர்கூட மாற்றங்களின் பட்டியலில் ஏறும். கல்யாண மொய் நோட்டு மாதிரி. பத்து ரூபாய் வைத்தாலும் பெயர் எழுதியாக வேண்டும்.

வேலை பார்ப்பதற்குச் சுலபம்போலத் தெரியும். எல்லாக் கோட்டுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷைப் போடு என்று கணினியிடமே சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் வம்பு. ஒரே வரியில் இரண்டு சொல்லைச் சேர்க்கும் கோடும் இருக்கும், கட்டளையின் கோடும் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால், சரியாக இருந்த இணைப்புக்கோடுகள் கெட்டுப்போகும். வரி மடிய வேண்டிய இடத்தில் மடியாது, அச்சில் 'எக்ஸ்-ரே' என்பது எக்ஸிலிருந்து ரேயைக் கழித்ததுபோல வரும். ஒவ்வொரு கோட்டின் முன்னாலும் நின்று, 'நீ யார்?' என்று கேட்டுத்தான் திருத்த முடியும். ஆயிரம் கோடு இருந்தால் ஆயிரம் தடவை.

இதெல்லாம் ஆங்கிலக்காரன் பாடு என்று தள்ளிவிட வேண்டாம். தமிழில் இதே கதை, இன்னும் பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது.

கோவைக்கு வடக்கே குருடிமலைப் பக்கம் தோன்றி நொய்யலில் சேரும் கௌசிகா நதியை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பெயரை இரண்டு விதமாக அடிக்கிறார்கள்: கௌசிகா, கெளசிகா. கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா? போனில் சில எழுத்துருக்களில் மயிரிழை தெரியலாம். பலவற்றில் அதுவும் இல்லை. முதலாவதில் இருப்பது ஔகாரம். இரண்டாவதில் இருப்பது 'கெ' என்ற எழுத்தும், அடுத்து 'பள்ளம்' என்பதில் வரும் 'ள'வும். கணினியைப் பொறுத்தவரை இரண்டாவதன் உச்சரிப்பு 'கெ-ள-சிகா'. பார்வையற்ற மாணவர் ஒருவர், எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் வழியாகப் பாடம் கேட்டால், அவர் காதில் விழுவதும் அதுவாகவே இருக்கும். பள்ளிப் பட்டியலில் 'கெளரி' என்று ஏறிவிட்ட பெண்ணை 'கௌரி' என்று அடித்துத் தேடினால், "அப்படி யாரும் இல்லை" என்று கணினி கையை விரிக்கும். பெண் எதிரே நின்றுகொண்டிருப்பாள்.

இது எங்கிருந்து வந்தது? அதே இடத்திலிருந்துதான். தமிழ்த் தட்டச்சு கற்றவர்களுக்கு 'யளனக' என்று தொடங்கும் நடுவரிசை விரலிலேயே பதிந்திருக்கும். அந்த இயந்திரத்தில் ஔகாரத்தின் வலப்பக்கச் சிறகுக்குத் தனி விசை கிடையாது. 'ள' விசையையே தட்டிச் சமாளிப்பார்கள். காகிதத்தில் அது பிழையே அல்ல. மைக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய ஆங்கிலத் தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் 1 என்ற விசையே இராது. சிறிய 'எல்' எழுத்தைத் தட்டினால் ஒன்று ஆகிவிடும். விசையை மிச்சம் பிடிக்கத் தெரிந்த காலம். பிறகு கணினி வந்தது. விரல் பழக்கம் மாறவில்லை, ஆனால் எழுத்து மையாக இல்லாமல் எண்ணாக மாறிப்போனது. யூனிக்கோடில் ஔகாரச் சிறகுக்கு ஓர் எண், ளகரத்துக்கு வேறொரு எண்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதை ஒரே குறியாக அடித்தாலும், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக அடித்தாலும் இரண்டும் சமம் என்று யூனிக்கோடு விதியே சொல்கிறது. ஔகாரத்தையும் அப்படிப் பிரித்து அடிக்கலாம், சிறகைச் சிறகாகவே அடித்திருந்தால். சிறகுக்குப் பதில் 'ள' வந்தால் அந்தச் சலுகை இல்லை. விதி 'ள'வை மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

ஏன் என்பதற்கும் கோவையிலேயே பதில் இருக்கிறது. கெளசிகாவைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, ஒற்றைக் கொம்புக்குப் பின் 'ள' வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக்கு என்று கணினியிடம் ஒரே கட்டளையில் சொல்லிவிட்டால், வெள்ளியங்கிரி மலை காலி. வெள்ளலூர் காலி. வெளிச்சமும் தெளிவும் கெளுத்தி மீனும்கூட அடிபடும். இங்கேயும் ஒவ்வொரு 'ள'வின் முன்னால் நின்று 'நீ யார்?' என்று கேட்டாக வேண்டும்.

இன்னும் சில இரட்டையர்கள் உண்டு. தமிழ் எண் ஏழும் 'எ' எழுத்தும். எண் ஒன்றும் 'க'வும். எண் இரண்டும் 'உ'வும். 'ஸ்ரீ' என்பதைப் பலரும் 'ஸ'வில் தொடங்கி அடிக்கிறார்கள். 2005-இல் யூனிக்கோடில் சேர்ந்த வடமொழி 'ஶ'வில் தொடங்கினாலும் திரையில் அதே ஸ்ரீ வரும். கல்யாணப் பத்திரிகைக்கு எதுவாயிருந்தால் என்ன. நில ஆவணத்துக்கு அப்படி விட முடியாது.

தமிழ் எழுத்து எண்ணாக மாறியதில் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இங்கே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது; கூடவே கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும். அதையொட்டித்தான் தமிழ்நாடு அரசு யூனிக்கோடையும், டேஸ்16 என்ற முறையையும் அரசுத் தரமாக ஏற்றது. டேஸ்16-இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் என்பதால் 'கௌ' என்பதை உடைத்து 'ள' புகுத்த வழியே இல்லை. ஆனால் போனிலும் இணையத்திலும் வென்றது யூனிக்கோடு. ஒரு வேடிக்கை: மாணவியின் கோப்புகளைக் காவு வாங்கிய அந்தத் தனி ஹைஃபனுக்கு யூனிக்கோடு தந்திருக்கும் எண்ணும் 2010-தான், பதினாறின் அடிமானக் கணக்கில்.

எழுத்து விஷயத்தில் சின்ன மாற்றம் என்று எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை. ஈரோட்டில் பிறந்த 'குடி அரசு' இதழ் 1935-இல் ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய வளைந்த வடிவங்களை விட்டுவிட்டுப் புது வடிவத்தில் அச்சிடத் தொடங்கியது. அரசாணை வந்தது 1978-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள். கையேட்டுப் பக்கத்தின் கோடு ஐம்பதைத் தாண்டியும் முழுதாகத் திருந்தவில்லை.

திருத்த நினைப்பவருக்கு வழி எளிதுதான். பல கையேட்டுப் பக்கங்களின் அடியில் பிழை தெரிவிக்க வேண்டிய முகவரி இருக்கும். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தக் கோடு என்று குறித்து அனுப்பினால் போதும். பேக்ஸ்லாஷ் சேர்த்த வரியையே அனுப்பினால் இன்னும் நல்லது. தமிழுக்கு அதைவிடச் சுலபம். போன் விசைப்பலகையில் 'ஔ' எங்கே இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பழகிக்கொண்டு, 'ஒ'வுக்குப் பக்கத்தில் 'ள' போடுவதை நிறுத்தினாலே ஔவையார் தேடலில் அகப்படுவார்.

ஏற்கெனவே அடித்துவைத்த கோப்புகளுக்குச் சோதனை ஒன்று உண்டு. கணினியில் கோப்பைத் திறந்து, தேடும் பெட்டியில் 'கௌ' என்று சரியாக அடித்துத் தேட வேண்டும். பிறகு 'கெ', 'ள' என்று பிரித்து அடித்துத் தேட வேண்டும். இரண்டாவது தேடலில் கெளசிகா, கெளரி, கெளதமன் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். நடுவே ஒரு கெளுத்தி மீனும் வந்தால் அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.